சிரிக்க மறுத்த பிணம்

கனகா இதுவரை பதினேழு தடவை செத்திருக்கிறாள். கழுத்து நெரிபட்டு ஆறு தடவை, விஷம் குடித்து நான்கு, தண்ணீரில் மூழ்கி மூன்று, மாடியிலிருந்து தள்ளிவிடப்பட்டு இரண்டு, மீதி இரண்டும் கத்திக்குத்து. ஒவ்வொரு தடவையும் செத்த கையோடு எழுந்து முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு, ஹூட்டகள்ளிக்குப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து குழம்புக்குப் புளி ஊற வைத்திருக்கிறாள். இதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ராமாபுரத்துக்காரி. கல்யாணமாகி மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் கணேசனுக்கு ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, மகன் கவின்ராஜ் டிப்ளமோ படிக்கிறான். கனகாவுக்கு யாதவகிரிப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றில் சமையல். காலை ஆறு மணிக்கு அடுப்பில் இட்லி ஏற வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது பெண்கள் தட்டோடு வந்து நின்றுவிடுவார்கள். அதனால் ஐந்தே காலுக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள்.

இப்படிப்பட்டவள் டி.வி.க்குள் போன கதை வேடிக்கையானது. ஹாஸ்டலுக்கு அடுத்த பழைய பங்களாவில் மூன்று வருஷத்துக்கு முன்பு ஷூட்டிங் நடந்தது. பிணமாகப் படுக்க வேண்டிய பெண், தரையில் செவ்வெறும்பு ஊர்கிறது என்று எழுந்து போய்விட்டாள். உதவி டைரக்டர் முனிராஜ் மைசூரிலேயே பிறந்த தமிழ்ப் பையன். அவன் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, வெயிலில் மல்லி காயவைத்துக்கொண்டிருந்த கனகாவைப் பார்த்தான்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் செத்துப் போறியா?"

வேறு யாராவதாக இருந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருப்பார்கள். கனகா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "இருப்பா தம்பி, இந்த மல்லிய அள்ளி வெச்சுட்டு வந்து சாகறேன்" என்றாள்.

படுத்தாள். எறும்பு கடித்தது. கண்ணிமை அசையவில்லை, வயிறு ஏறி இறங்கவில்லை. டைரக்டர் "கட்" சொல்லிவிட்டுப் பதறிப்போய் ஓடிவந்து அவளைத் தொட்டுப் பார்த்தாராம். அன்று பிடித்த பிடிதான். பிணம் என்றால் கனகா, கனகா என்றால் பிணம்.

ஒரே பெண் திரும்பத் திரும்பச் சாகிறாளே என்று ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள்? செத்தவள் முகத்தை அந்த கேமரா எங்கே காட்டியது? கொலுசுக் காலைக் காட்டும், உடைந்த வளையலைக் காட்டும், விரிந்து கிடக்கிற முடியைக் காட்டும். முகம் யாருக்கு வேண்டும்!

கன்னட சீரியல். பேர் 'பத்தேதார் நஞ்சுண்டையா'. துப்பறியும் நஞ்சுண்டையா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மைசூரில் பாதி வீடுகளில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் சால்வை, கையில் காபி டம்ளர், உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் அவரைச் சுற்றி இருக்கிற பெண்களைப் பார்த்தால்தான் நமக்கு வயிறு எரியும். வீட்டுக்காரி ஒருத்தி, கதவைத் திறப்பாள், காபி கொடுப்பாள், போய்விடுவாள். போலீஸ் எஸ்.ஐ. ஒருத்தி, மூன்று வருஷமாகக் காக்கி மாட்டிக்கொண்டு ஒரு குண்டூசியைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. அவள் வேலையே முதலில் தப்பாகச் சொல்வதுதான். "ஹார்ட் அட்டாக் சார்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே, "நகத்தைப் பாரம்மா" என்பார். "சூப்பர் சார்" என்பாள். பணக்காரி வந்தால் சொத்துக்காகக் கொல்வாள். மாமியார் வந்தால் முறைப்பாள். வேலைக்காரி வந்தால் தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பாள். நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு வைக்க ஓடுகிறவளுக்குத் தூணுக்குப் பின்னால் நிற்க நேரம் ஏது என்று எழுதுகிற மகராசனைத்தான் கேட்க வேண்டும்.

கனகா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நாடகம்தானே. அவளும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சிரிப்பாள், "எங்காலு எப்புடி, பாத்தீங்களா?" என்று புருஷனிடம் பெருமை அடிப்பாள். இருபது வருஷமாக அடுத்தவர்களுக்கு ஆக்கிப் போட்டவளுக்கு, தனக்கென்று கிடைத்த ஒரே விளையாட்டு அது. விளக்கு போட்டு, நாற்பது பேர் மூச்சடக்கி நின்று அவளையே பார்ப்பார்கள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே வராது.

இந்த ஷூட்டிங் வேலையில் ஒரு சாங்கியம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போகக் கூடாது. கேமராவைப் பார்த்து வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் ஒரு ஷாட்டாக எடுப்பார்கள். டி.வி.யில் வராது. செத்தது பொய், ஆள் நிஜமாக இருக்கிறாள் என்று கேமராவுக்கே காட்டிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் தோஷம். நஞ்சுண்டையாவாக நடிக்கிறவருக்கு இதில் ரொம்ப பயம். எப்போதோ ஒரு படத்தில் சிரிப்பு எடுக்காமல் கிளம்பிவிட்டார்கள், அடுத்த நாள் இவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அதிலிருந்து பிணம் சிரித்தாலொழிய மனுஷர் ஷூட்டிங்கை விட்டு நகர மாட்டார். திரையில் தலைமுடி ஒன்றை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிறவர், கனகா சிரிக்கும்போது கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்.

பதினெட்டாவது சாவு லிங்காம்புதி ஏரிக்கரையில். முனிராஜ் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லியிருந்தான்.

"அக்கா, இந்தத் தடவ பட்டுச் சேல கிடையாது. நீ வேலைக்குப் போவியல்ல, அதே சேலையில வந்துடு. வொயர் கூடையும் எடுத்துக்கோ. வேலைக்குப் போற பொம்பள பாடி."

சௌகரியமாகப் போயிற்று என்று ஹாஸ்டல் டிஃபனை முடித்துவிட்டு, மஞ்சள் கறை படிந்த அதே நூல் சேலையில் போனாள் கனகா. கூடையில் டிஃபன் பாக்ஸ்கூட அவளுடையதுதான். கரையில் புல்லின்மேல் குப்புறப் படுக்க வைத்தார்கள். கழுத்தில் கறுப்பாகக் கன்றிப்போன மாதிரி சாயம். கூடையைப் பக்கத்தில் கவிழ்த்தார்கள். கதைப்படி நேரம் காலை ஐந்தரை.

"ஆக்ஷன்."

பூட்ஸ் சத்தம் வந்தது. எஸ்.ஐ. வழக்கம்போல, "தண்ணில விழுந்து செத்திருப்பா சார்" என்று தப்பாகச் சொன்னாள். நஞ்சுண்டையா குனிந்தார். சால்வை கனகாவின் தோளில் உரசியது. கன்னடத்தில் நிதானமாகப் பேசினார்.

"பொழுது விடியறதுக்கு முன்னாடி ஒரு பொம்பளைக்கு ஏரிக்கரையில என்ன வேலை? ஊரை விட்டு ஊர் வந்து கண்ட நேரத்துல சுத்தறவ. இந்தவரிகெல்லா இதே கதி."

இந்த மாதிரிப் பெண்களுக்கெல்லாம் இதுதான் கதி. பின்னணிக்கு வயலின் போடுவார்கள்போல, அவ்வளவு அழுத்தி நிறுத்திச் சொன்னார்.

கனகாவுக்குச் சுருக்கென்றது. முந்தின பதினேழு பேரும் யாரோ. பட்டுச் சேலையும் லிப்ஸ்டிக்குமாகச் செத்த யாரோ. இது யாரோ இல்லை. இந்தச் சேலை அவளுடையது, கூடை அவளுடையது, ஐந்தரை மணியும் அவளுடையதுதான். அந்த நேரத்தில் அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள், அவளைப் போல இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். கேட்டுக்கொண்டு கிடக்கிறாள், பதில் சொல்ல முடியாது, பிணம். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. ஆனால் அசையவில்லை. வேலை வேலைதான், ஷாட்டைக் கெடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"கட்! சூப்பர்! சிரிப்பு எடுத்துட்டு பேக்கப்!"

கனகா எழுந்து உட்கார்ந்தாள். புல்லைத் தட்டினாள். கேமரா திரும்பியது. நஞ்சுண்டையா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

கனகா சிரிக்கவில்லை.

"அக்கா, கேமரா ஓடுது. சிரி" என்றான் முனிராஜ்.

"வல்லப்பா."

"வல்லன்னா?"

"சிரிப்பு வல்லைங்கறேன். அவரு என்ன பேசுனாரு? கண்ட நேரத்துல சுத்தறவளா? அதை மாத்தச் சொல்லு, சிரிக்கறேன்."

முனிராஜுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ அக்கா, உன்னையா சொன்னாங்க? கேரக்டரச் சொன்னது! நீ சும்னே ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போயிடு."

"கேரக்டரு எஞ்சேலைய கட்டிட்டு எங்கூடைய எடுத்துட்டுத்தான படுத்துக் கெடந்துச்சு?"

டைரக்டர் வந்தார். முதலில் சிரித்தார், அப்புறம் குரலை உயர்த்தினார். வெயில் ஏறுகிறது, நாற்பது பேர் நிற்கிறார்கள், பிணத்துக்கெல்லாம் வசனத்தில் என்ன வேலை என்று கத்தினார். கடைசியில், "இன்னொரு தடவை இந்த யூனிட் பக்கம் உன்னைக் கூப்பிட மாட்டோம், தெரிஞ்சுக்கோ" என்றார்.

கனகா சுற்றிலும் பார்த்தாள். போய்விடும். விளக்கு, கேமரா, நாற்பது பேர் பார்ப்பது, எல்லாம் இன்றோடு போய்விடும். பேசாமல் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். உதட்டை இழுத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"வேற யாரையாவது சிரிக்க வெச்சு எடுத்துக்கங்க" என்றார் டைரக்டர் கேமராக்காரரிடம்.

"அதெப்படி ஆகும்?" என்று அலறினார் நஞ்சுண்டையா. "செத்தது இவங்க. இவங்கதான் சிரிக்கணும். நான் இங்கிருந்து ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். போன தடவை கால், இந்தத் தடவை என்ன போகுமோ!" சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது மனுஷருக்கு.

இப்படியாக ஒரு பிணம் சிரிக்காததால் மைசூரின் மகா பெரிய துப்பறிவாளர் ஏரிக்கரையில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யூனிட் பையன்கள் டீ குடித்தார்கள். டைரக்டர் போனை எடுத்து எழுத்தாளரிடம் கத்தினார். அப்புறம் சோர்ந்துபோய்க் கனகாவிடமே வந்தார்.

"சரிம்மா, நீயே சொல்லு. காலங்காத்தால அஞ்சரைக்கு அவ அங்க என்ன பண்ணிட்டிருந்தா? பாக்கறவங்க கேப்பாங்களா இல்லையா?"

கனகாவுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பேர் இருக்கிறார்கள், இவ்வளவு படித்திருக்கிறார்கள், இதுகூடவா தெரியாது?

"வேலைக்குப் போயிட்டிருந்தா சார்" என்றாள் கன்னடத்தில்.

அப்போது எஸ்.ஐ.யாக நடிக்கிற பெண் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மூன்று வருஷமாக அவளும் கனகாவும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

"சார், அதை நான் சொல்றேன். அவரு 'என்ன வேலை'ன்னு கேக்கட்டும். நான் பதில் சொல்றேன்."

"உன் கேரக்டர் பதில் சொல்ற கேரக்டரா?"

"ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன் சார்" என்றாள் அவள்.

நஞ்சுண்டையாவுக்கு இஷ்டமில்லைதான். ஆனால் சிரிப்பு வேண்டுமே! "எடுங்க, எடுங்க" என்று கையை வீசினார்.

கனகா மறுபடியும் குப்புறப் படுத்தாள். பூட்ஸ் சத்தம் வந்தது. சால்வை உரசியது. "பொழுது விடியறதுக்கு முன்னாடி ஒரு பொம்பளைக்கு ஏரிக்கரையில என்ன வேலை?"

அப்புறம் எஸ்.ஐ.யின் குரல், கனகாவின் தலைக்கு ரொம்பக் கிட்டத்தில். அவள் மண்டியிட்டுக் கூடையிலிருந்து டிஃபன் பாக்ஸை எடுத்திருக்க வேண்டும்.

"கெலசக்கெ ஹோக்தா இத்லு சார். வேலைக்குப் போயிட்டிருந்தா. சாப்பாடு இன்னும் சூடா இருக்கு. கொன்னவன் பக்கத்துலதான் எங்கேயோ இருக்கான்."

கடைசி இரண்டு வரியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கட் சொல்லக்கூட டைரக்டர் மறந்துபோனார்.

எழுந்து உட்கார்ந்த கனகா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய. கேமராக்காரரும் சிரித்துவிட்டார். நஞ்சுண்டையா மூன்று தடவை கும்பிட்டுவிட்டு ஓட்டமாகப் போய்க் காரில் ஏறினார். டைரக்டர் மட்டும் போகிற போக்கில், "எடிட்டிங்ல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை கனகாவைப் பதினைந்து நாள் தூங்கவிடவில்லை. எடிட்டிங்கில் பார்க்கிறேன் என்றால் வெட்டி எறிகிறேன் என்று அர்த்தம், அது பிணத்துக்குக்கூடத் தெரியும். பழைய ஷாட் பத்திரமாக இருக்கிறது, அதை ஒட்டினால் போச்சு. அடிக்கடி போன் பண்ணுகிற முனிராஜும் இரண்டு வாரமாகப் பண்ணவில்லை.

"பேசாம சிரிச்சுத் தொலைச்சிருக்கலாமுங்களா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

கணேசன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்க சிரிச்சிருந்தீன்னா இங்க வந்து என்னையக் கடிச்சுக் கொதறியிருப்ப. போனாப் போகுது, விடு புள்ள."

ஞாயிறு வந்தது. ஆறரைக்கு மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். ஏரிக்கரை வந்தது. கால் வந்தது, கூடை வந்தது. சால்வை குனிந்தது. "பொழுது விடியறதுக்கு முன்னாடி ஒரு பொம்பளைக்கு..."

கனகா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"கெலசக்கெ ஹோக்தா இத்லு சார்."

கவின்ராஜ் விசிலடித்தான். கனகா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், வேறென்ன. அன்றைக்குக் கொலைகாரன் யார் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு வழக்கம்போலப் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வள்ளியாத்தாள், கொள்ளேகால் பக்கத்துக்காரி, இவளைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸ் ஒன்றைக் கூட்டிப் பெருக்கப் போகிற கன்னடக்காரி சித்தம்மா, இன்னும் ஃபேக்டரிக்குப் போகிற நாலைந்து பெண்கள், எல்லாரும் பார்த்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்பே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

"ஏனு, நம்மளப் பத்தி டி.வி.யில நல்லதா ஒரு வார்த்தை வந்துச்சே கனகம்மா!" என்றாள் சித்தம்மா. அப்புறம் யோசித்து, "ஆமா, அவ பேரு என்ன?" என்று கேட்டாள்.

"யாரு பேரு?"

"செத்துப் போனாளே, அவ பேரு. கடைசி வரைக்கும் 'அந்தப் பொம்பள, அந்தப் பொம்பள'ன்னே சொல்லிட்டிருந்தாங்களே."

கனகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! அதைக் கேக்காம உட்டுட்டேனே!"

அந்த இடத்திலேயே முனிராஜுக்குப் போனைப் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். புதன்கிழமை ஒரு பாடி இருக்கு, வந்துடு. உன் டயலாக்க டைரக்டர் வெட்டத்தான் பாத்தாரு. நஞ்சுண்டையா சார் விடல. அதை வெட்டினா நீ சிரிச்ச சிரிப்பும் செல்லாதுன்னு ஒரே பிடி."

கனகாவுக்கு உயிர் வந்தது. ஆனாலும் விடவில்லை. "வர்றேன். ஆனா இனிமே பாடிக்குப் பேரு வேணும். பேரில்லாம நாஞ்சாக மாட்டேன்."

முனிராஜ் பெருமூச்சு விட்டான். "சரி, சொல்லு. என்ன பேர வெக்கட்டும்?"

கனகா போனைக் கையால் மூடிக்கொண்டு பெண்களைப் பார்த்தாள். "ஏனுங், யாரு பேர வெக்கச் சொல்லட்டும்?"

எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். "ஐயய்யோ, எம் பேரு பேடா, வேண்டாம்மா" என்று சித்தம்மா இரண்டு கையையும் ஆட்டினாள். ஃபேக்டரிப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளினார்கள். தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. வள்ளியாத்தாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கனகாவின் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"தம்பி, எம் பேரு வள்ளியாத்தா. செத்தவளுக்கு வேண்டாம். கண்டுபுடிக்கறவளுக்கு வெய்யி."